நெல்லித்துறை ஓடக்காரி

“சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக மட்டும் ஒரு பாத்திரம் கதைக்குள் வருமானால், அதை எழுத்தாளர் தன் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கலாம். அதனால் கதையில் எதுவும் நகர்வதில்லை.”

இதை எழுதியபோது அருள்வளனுக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தார். பழுது பார்த்த பிறகு லிஃப்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து ஃபேண்டஸி நாவல்கள் படிப்பார். வீட்டுக்குப் போனால், வீரனாக வேடமேற்று ஆடும் ஆர்.பி.ஜி. கணினி விளையாட்டுகள். இரண்டையும் பற்றி ‘எட்டாம் தளம்’ என்ற வலைப்பூவில் எழுதிவந்தார்.

அவருக்குக் கருத்துகள் நிறைய இருந்தன. முதல் பக்கத்தில் வரைபடம் போடும் நாவலில் அந்த வரைபடத்தின் எல்லா மூலைக்கும் நம்மை நடக்க வைப்பார்கள் என்றார். அநாதையாக வளர்கிற பையன் அரசகுமாரன் என்று தெரியவருவதற்குள் பாதி வாசகர்கள் கிழவர்களாகிவிடுகிறார்கள் என்றார். விளையாட்டுகளில் வீரன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து பானைகளை உடைத்துக் காசை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரி அடுப்படியில் நின்றுகொண்டு அவனுக்கே வணக்கம் சொல்கிறாள், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். பிச்சைக்காரருக்கு ரொட்டி கொடுத்தால் மூன்றாம் அத்தியாயத்தில் மந்திர வாள் கிடைக்கிறது. அதற்குப் பெயர் தருமமா, வியாபாரமா என்றும் ஒருமுறை எழுதினார். இது அவருடைய நல்ல கருத்துகளில் ஒன்று. ஆனால் அதற்காக அவரை யாரும் கொண்டாடவில்லை.

கொண்டாடியது ‘சும்மா பட்டிய’லை. ஒவ்வொரு விமர்சனத்தின் கடைசியிலும், அந்த நாவலிலோ விளையாட்டிலோ எடுத்துவிட்டாலும் குறை தெரியாத பாத்திரங்களின் பெயர்களை வரிசையாகப் போடுவார். சத்திரத்துக்காரர், மூலிகைக்காரி, தண்ணீர் சுமப்பவர், வாசலில் உட்கார்ந்து வானிலை சொல்லும் கிழவர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குத்தலான வரி. வாசகர்கள் சிரித்தார்கள். தாங்களும் பட்டியல் போட்டார்கள். ஒருவர் தன் கல்யாண ஆல்பத்துக்கே சும்மா பட்டியல் போட்டு, முதல் பெயராகச் சொந்தத் தாய்மாமனை எழுதியிருந்தார். லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

முப்பத்தாறு வயதில் அருள்வளன் பட்டியலை நிறுத்தினார். காரணம் பெரிதல்ல. ஒரு புதுக் கட்டடத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். விளக்கு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வாட்ச்மேன் வந்து உட்கார்ந்து, ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். தன் மருமகள் வைக்கும் சாம்பாரில் புளி தூக்கலாக இருப்பது பற்றித்தான் பெரும்பாலும். அவரால் லிஃப்ட் ஒரு அங்குலமும் நகரவில்லை. வெளியே வந்த அருள்வளன், இவர் ஒரு நாவலில் வந்திருந்தால் நம் பட்டியலில் முதல் ஆள் இவர்தானே என்று நினைத்தார். அதன்பின் அவர் எழுதிய விமர்சனங்கள் சாதுவாக இருந்தன. படிப்பவர்கள் குறைந்து, கடைசியில் நாற்பது பேர் மிஞ்சினார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு விளையாட்டு நிறுவனம் அவரைத் தேடி வந்தது. ‘ஏழாறு’ என்ற விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் ஊர்க்காரர்கள் பழைய விளையாட்டுகளில்போல ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்பவர்கள் அல்ல. பேசுவார்கள், கேட்பார்கள், நேற்றுச் சொன்னதை ஞாபகம் வைத்திருப்பார்கள். அருள்வளனின் எழுத்து முழுவதையும் தங்கள் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுக்க அனுமதி வேண்டும் என்றார்கள். பானை உடைக்கிற அபத்தங்கள் இனி இருக்காது என்ற சந்தோஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய ரசனையை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், ஒரு தனியார் மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. டயாலிசிஸ் பிரிவு மூன்றாம் மாடியில். நோயாளிகளை நாற்காலியோடு படிகளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அருள்வளன் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பழுதைச் சரிசெய்துவிட்டு, மூன்றாம் மாடிக் கதவின் சென்சாரைப் பார்க்கப் போனபோது, கதவோரப் படுக்கையிலிருந்து ஒரு பெண்மணியின் குரல் கேட்டது.

“அடியே மாதுளை, கயித்த மெதுவா இழு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நாலு மணி நேரம் இங்கதான் கெடக்கணும்.”

இடதுகை இயந்திரத்தோடு குழாய்களால் பிணைக்கப்பட்டு அசையாமல் இருந்தது. வலதுகையில் டேப்லெட், காதில் ஹெட்செட். திரையில் ஓர் ஆறு. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து ஓடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அருள்வளனுக்கு அது ஏழாறு என்று தெரிந்தது. அவர் அதை ஒருமுறைகூட ஆடியதில்லை.

“எந்த லெவல்ல இருக்கீங்கம்மா?” என்று கேட்டார்.

“லெவலா? ஒண்ணாவதுதான். அஞ்சு மாசமா ஒண்ணாவதுதான்.” அந்த அம்மாள் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினார். “அந்தக் கரையில ஏதோ டிராகன் இருக்காம், போய்க் கொல்லணுமாம். அது என்னை என்ன பண்ணுச்சு தம்பி? நான் இந்தத் துறையை விட்டு நகர்றதில்ல. இவகூடப் பேசிட்டே இருந்தா மெஷின் நின்னுடும், வீட்டுக்குப் போயிடுவேன்.”

“நல்லாப் பேசுமா?”

“முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேக்கும். நான் என்ன சாப்பிட்டேன்னு சொன்னா, அதுல உப்பு ஜாஸ்தியான்னு கேக்கும். எனக்கு உப்பு ஆகாதுன்னு அதுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தேன். ஊர் உலகத்தையே ஒருத்தருக்கொருத்தர் பேச வெச்சேன். என்கிட்டப் பேச இதுதான் மிச்சம்.” சிரித்துவிட்டு, திரையின் மூலையைக் காட்டினார். “இதையும் வெள்ளிக்கிழமையோட எடுக்கறாங்களாம். பாருங்க.”

திரையோரத்தில் ஒரு சின்ன ஓலை. ‘இந்த வாரம் விடைபெறுவோர்’ என்று அதில் எழுதியிருந்தது. நாலாவது வரி: ‘மாதுளை, ஓடக்காரி, நெல்லித்துறை. காரணம்: இவரால் கதையில் எதுவும் நகர்வதில்லை.’

அருள்வளன் அந்த வாக்கியத்தை இரண்டு தரம் படித்தார்.

“யாரோ ஒரு மகராசன் எழுதி வெச்ச சட்டமாம்” என்றார் அந்த அம்மாள். “நல்லா இருக்கட்டும். அவன் வீட்டுல யாரும் யாரையும் சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்க போல.”

அருள்வளன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்தார். ஏதோ சொல்ல ஒரு மூச்சு இழுத்துவிட்டு, லிஃப்டை நோக்கி நடந்தார்.

லிஃப்டுக்குள் வந்து கதவை மூடப்போகும்போது நர்ஸ் ஜெனிட்டா உள்ளே நுழைந்தார். “வேதவல்லி அம்மாகிட்டப் பேசிட்டிருந்தீங்களே, நல்லா இருக்காங்களா?” என்றார்.

“நீங்கதானே சிஸ்டர் நர்ஸ்? என்னைக் கேக்கறீங்க?”

“எங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. வாரத்துக்கு மூணு நாள் வரணும், போன வருஷம் ஒருநாள் வர்றதே பெரிசு. மூணு தடவை மூச்சுத்திணறி எமர்ஜென்சில கொண்டுவந்து போட்டாங்க. அந்த ஓடக்காரி வந்த பிறகு ஒருநாள்கூடத் தப்பல. இன்னிக்குக் காலையில என்ன சொன்னாங்க தெரியுமா? ‘ஜெனி, வெள்ளிக்கிழமைதான் கடைசி. திங்கட்கிழமை என் பெட்டை வேற யாருக்காவது குடு’ங்கறாங்க.”

“வரலைன்னா?”

ஜெனிட்டா அவரைப் பார்த்தார். “பத்து நாள் தாங்கும். பதினஞ்சு நாள்னு வெச்சுக்குங்களேன்.”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. சரியாகத்தான் நின்றது.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அருள்வளன் கோயம்புத்தூர் பஸ் ஏறினார். இரண்டு வருடத்துக்கு முன் ஒப்பந்தத்தோடு வந்திருந்த ரிஸ்வானா அங்கேதான் பொறியாளராக இருந்தார். முப்பது வயது இருக்கும். அலுவலகக் கேண்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஞாபகம் வளந்துகிட்டே போகும் சார். அதுக்கு இடம் வேணும். இயந்திரத்துல இருக்கறது அளவான இடம். அதனால வாராவாரம் சிலரை எடுத்தாகணும். யாரை எடுக்கறதுன்னு மீட்டிங் போட்டாங்க. நாலு மணி நேரம் மீட்டிங். யாரும் வாயைத் திறக்கல. எல்லாருக்கும் ஒவ்வொருத்தர் பிடிச்சிருந்துச்சு. அப்பத்தான் யாரோ சொன்னாங்க, இதுக்குன்னே ஒருத்தர் பத்து வருஷம் பட்டியல் போட்டிருக்காரேன்னு.”

“நான் புத்தகத்துல இருக்கறவங்களைப் பத்தித்தானம்மா எழுதினேன்?”

“மாதுளையும் புத்தகத்துல இருக்கற மாதிரிதான் சார்.”

“வேதவல்லி அம்மா இல்லையே.”

ரிஸ்வானா டீயைக் கலக்கினார். சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது.

“நான் என் கருத்தை மாத்திக்கிட்டேன். அப்புறம் ஏழு வருஷமா வேற மாதிரிதான் எழுதறேன். அதையும் அந்த மெஷின் படிச்சிருக்கணுமே” என்றார் அருள்வளன்.

“படிச்சுது. ஆனா எத்தனை பேர் படிச்ச எழுத்தோ, அதுக்குத் தகுந்த மதிப்புத்தான் குடுக்கும். பட்டியல்களை லட்சம் பேர் படிச்சாங்க. இப்ப எழுதறதை நாப்பது பேர் படிக்கறோம்.”

“படிக்கறோமா?”

“நானும் அதுல ஒருத்தி சார். வாட்ச்மேன் கட்டுரையை எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்.” அவர் சட்டென்று எழுந்துபோய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்தார். உட்கார்ந்த பிறகு குரலைத் தாழ்த்தினார். “பட்டியலை என்னால நிறுத்த முடியாது. ஒரு வழி இருக்கு. அதுக்குப் பேர் ஊர்வாசி. ஒரு ஊர்க்காரர் போனா அவரோட முகமும் குரலும் கிடங்குல இருக்கும். ஞாபகம் மட்டும் அழிஞ்சிடும். ஆடறவங்க யாராவது விரும்பினா அந்த இடத்தை எடுத்துக்கலாம். நீங்க மைக்ல பேசினா அங்க மாதுளை குரல்ல கேக்கும். சோதிச்சுப் பாக்கறதுக்காக வெச்சோம், எடுக்க மறந்துட்டோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட எடுத்துக்கல. எல்லாருக்கும் ராஜாவா இருக்கணும், மந்திரவாதியா இருக்கணும். ஓடம் இழுக்க யார் வருவா?”

“கயிறு இழுக்கறது எனக்குப் பழக்கம்தான்” என்றார் அருள்வளன். “அந்தம்மா இதுவரைக்கும் மாதுளைகிட்ட என்ன பேசினாங்கன்னு மட்டும் தெரிஞ்சா...”

“அது மாதுளையை நம்பிப் பேசினது சார். எனக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது.”

அவர் தலையாட்டினார். அது சரிதான்.

“இன்னொண்ணு. ஊர்வாசியா வந்தா ஊர்க்காரங்களுக்கு உள்ள சட்டம்தான் உங்களுக்கும். பட்டியல்ல பேர் வந்தா வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வெளியே போட்டுடும். திரும்பவும் ஞாயித்துக்கிழமைதான் பதிய முடியும்.”

வெள்ளிக்கிழமை மாலை மாதுளை போனாள். அருள்வளன் தன் நிறுவனத்தில் சொல்லி மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை ஜெனிட்டாவுக்கு போன் செய்தார். “திங்கட்கிழமை துறையில ஓடக்காரி இருப்பாங்கன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க சிஸ்டர். ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“லிஃப்ட்காரனுக்கு எல்லா மாடியிலயும் ஆள் தெரியும் சிஸ்டர்.”

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து பதிவு செய்தார். திங்கள் காலை ஏழு மணிக்கு, பாலக்கரையில் தன் அறையில் உட்கார்ந்து, நெல்லித்துறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பழைய நாவல்களில் ஓடக்காரர்கள் இப்படித்தான் காத்திருந்தார்கள் போலும் என்று தோன்றியது. அவர்களுக்கு இது எவ்வளவு நேரம் என்று அவர் ஒருபோதும் யோசித்ததில்லை.

ஏழு இருபதுக்குக் கரையில் வேதவல்லியின் உருவம் வந்தது. முதல் லெவல் ஆட்களுக்குக் கொடுக்கும் அதே சாயம்போன மேலங்கி.

“சாப்பிட்டீங்களா?” என்றார் அருள்வளன். அவர் காதிலேயே அது ஒரு பெண்ணின் குரலாகக் கேட்டது.

“ரெண்டு இட்லி.”

அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதிரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தண்ணீர் அளவோடுதான் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

“குடிச்சா டாக்டர் திட்டுவாரே, மறந்துபோச்சா?” என்றது கரையிலிருந்த குரல். பிறகு மெதுவாகச் சொன்னது: “பரவால்ல. ஓடத்தை எடுங்க.”

அன்று நான்கு மணி நேரம் ஓடம் போய்வந்தது. புதன்கிழமையும். மாதுளை என்ன பேசுவாள் என்று அருள்வளனுக்குத் தெரியாது. தெரிந்தது கதைகள் மட்டும்தான். ஆகவே அவற்றைப் பற்றியே பேசினார். டிராகன்களுக்கு எதற்குத் தங்கம், அவை எந்தக் கடைக்குப் போகப்போகின்றன என்று கேட்டார். வேதவல்லி சிரித்தார். வீட்டுக்குள் வந்து பானை உடைக்கிற வீரனைப் பற்றி அருள்வளன் சொன்னார். “எங்க வீட்டுக்கு வரட்டும், விளக்குமாத்தால போடறேன்” என்றார் வேதவல்லி. பதிலுக்கு எக்ஸ்சேஞ்ச் கதைகள் சொன்னார். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு, கொடுத்த மூன்று நிமிடமும் ஒன்றும் பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டு மட்டும் இருந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். “நான் லைனைக் கட் பண்ணாம விட்டுட்டேன். நாலாவது நிமிஷம் அந்தாளு அழுதாரு.”

புதன்கிழமை ஓலையில் பெயர் வந்திருந்தது. ஓடக்காரி, நெல்லித்துறை. இவரால் கதையில் எதுவும் நகர்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அருள்வளனின் திரை இருண்டது. தன் வாக்கியத்தாலேயே வெளியேற்றப்படுவது முதல் தரம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து மறுபடி பதிவு செய்தார்.

அப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு வெள்ளியும் நீக்கப்பட்டார், ஒவ்வொரு ஞாயிறும் திரும்பினார். ஜெனிட்டா போன் செய்தபோது, வேதவல்லி அம்மாள் ஒருநாளும் தப்பவில்லை என்றார். “ஆனா ஒண்ணு சார். முன்னாடியெல்லாம் வாடி போடின்னு கொஞ்சுவாங்க. இப்ப ஓடக்காரிக்கு என்ன மரியாதை! வாங்க போங்கதான்.” அந்த அம்மாளின் மனம் இன்னும் தேறவில்லை போல என்று அருள்வளன் எண்ணிக்கொண்டார்.

பன்னிரண்டாவது வாரம் வலைப்பூவில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு விளையாட்டைப் பற்றிய விமர்சனம் என்றுதான் அது தொடங்கியது. யார், எந்த ஊர் என்று சொல்லாமல், ஒரு துறையையும் அங்கே வந்து ஓடம் ஏறி எங்கும் போகாமல் திரும்புகிற ஒருவரையும் பற்றி எழுதினார். மந்திர வாளோ புள்ளிகளோ கிடைக்காத ஒரு வேலை இந்த விளையாட்டில் இருக்கிறது, அதற்கு எப்படிப் பதிவு செய்வது என்று கடைசியில் நாலு வரி. ‘பத்து வருடம் நான் கேலி செய்த ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் கற்பனை ஆட்கள் என்பதால் மன்னிப்பு சிறியதாகிவிடாது’ என்று முடித்திருந்தார். வழக்கம்போல நாற்பது பேர் படித்தார்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து பதிவுப் பக்கத்தைத் திறந்தார். ‘இந்த இடம் நிரம்பிவிட்டது. உங்களுக்கு முன் பதினாறு பேர் காத்திருக்கிறார்கள்.’

ரிஸ்வானாவுக்கு போன் செய்தார்.

“நீங்க எழுதினதைப் படிச்சவங்கதான் சார்” என்றார் ரிஸ்வானா. அவர் குரலில் சிரிப்பு இருந்தது. “ஒருத்தர் நேத்து ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சதுமே பதிஞ்சுட்டார். வெள்ளிக்கிழமை அவர் போனா அடுத்தவர். வரிசையில ஒம்பதாவது ஆள் நான்.”

“உள்ள இருக்கறவர் யாரு?”

“தெரியாது. சொல்லவும் கூடாது.”

“அம்மா, அவருக்குத் தண்ணி விஷயம் தெரியாதும்மா!”

ரிஸ்வானாவுக்கு அவர் சொன்னது புரியவில்லை.

திங்கள் காலை ஏழரைக்கு அருள்வளன் கருவிப் பையோடு மருத்துவமனைக்குப் போனார். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் மாடிக் கதவை இரண்டு தரம் திறந்து மூடிவிட்டு, மெல்ல உள்ளே எட்டிப்பார்த்தார். கதவோரப் படுக்கையில் வேதவல்லி ஹெட்செட்டோடு இருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒரு காதை விலக்கினார். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

“நீங்க இங்க இருக்கீங்களே தம்பி” என்றார். “அப்ப அங்க யாரு?”

அருள்வளன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“எப்பத் தெரியும்?”

“மொத நாளே. அஞ்சு மாசம் பழகின மாதுளை தண்ணி வேணுமான்னு கேப்பாளா? யாரோ மனுஷங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்கன்னு தெரிய ரெண்டு நாள் ஆச்சு. பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பீங்க. அன்னிக்கு ஸ்க்ரூடிரைவரை வெச்சுக்கிட்டு நின்னப்பவும் அதே மூச்சு. குரலை மாத்தலாம். மூச்சை எந்த மெஷின் மாத்தும்? முப்பத்திரண்டு வருஷம் மூச்சுச் சத்தம் கேட்டவ நான்.” அவர் சிரித்தார். “அப்புறம் ஒரு ஆம்பளையை எப்படி வாடி போடின்னு கூப்பிடறது?”

“தெரிஞ்சும் ஏம்மா வந்தீங்க? ஒருநாள் விடாம?”

வேதவல்லி கொஞ்சம் யோசித்தார். மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததுபோல இருந்தது.

“யாரோ பாவம், பேச ஆள் இல்லாம காலங்காத்தால வந்து ஆத்தங்கரையில நிக்கறாங்கன்னு நெனச்சேன். நான் வரலைன்னா தனியா நிப்பீங்களே. அந்த டிராகன், பானை, வாளுன்னு உங்களுக்கு எவ்வளவு பேச்சு இருக்கு! அதையெல்லாம் யார்கிட்டச் சொல்வீங்க?”

அருள்வளன் படுக்கையோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தனக்குத்தான் உதவி கிடைத்திருக்கிறது என்பது அவருக்கு விளங்க நேரமாயிற்று. நாம் செய்ததாக நினைக்கிற நன்மைகளில் பாதி, நமக்குச் செய்யப்பட்டவையே. தேவன் அதை அவசரப்படாமல் தெரியப்படுத்துகிறார்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டியல்... மாதுளையை எடுத்த சட்டம்... எழுதினது நான்தான்.”

“ஜெனி காட்டினா. உங்க பேரு போட்டு எல்லாத்தையும் படிச்சேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமா எழுதியிருந்தீங்க, படிக்கவே பயமா இருந்துச்சு.” அவர் வலதுகையால் போர்வையை நீவிவிட்டுக்கொண்டார். “மாதுளையை நெனச்சா இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு. அது இனி வராது. ஆனா அதுக்குத்தான் வாராவாரம் வெள்ளிக்கிழமை நீங்களும் போய்ச் சேர்றீங்களே. போதும் விடுங்க.”

அருள்வளன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் படுக்கைப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

டேப்லெட்டில் ஓடம் நடு ஆற்றில் நின்றிருந்தது. இழுப்பவர் யாரோ, கயிற்றை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

“புதுசா வந்தது ரொம்பப் பயப்படுது” என்றார் வேதவல்லி. “வந்ததும் வராததுமா தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. எல்லாரும் ஆத்தைப் பாத்ததும் அதைத்தான் கேப்பாங்க போல. நான் சொல்லிக் குடுத்துக்கறேன். அந்தக் கயிறு விஷயத்தை மட்டும் நீங்க சொல்லுங்க.” ஹெட்செட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

அவர் அதை மாட்டிக்கொண்டு, “ஹலோ” என்றார். காதில் ஆற்றின் சத்தம். அதற்கு மேலே, மாதுளையின் குரலில், எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“புதுசா யாரோ வந்திருக்கீங்க போல. சாப்பிட்டீங்களா?”

அருள்வளன் ஒரு மூச்சு இழுத்தார். பதற்றத்தில் அன்று காலை அவர் சாப்பிட்டிருக்கவில்லை. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“இன்னும் இல்லைங்க” என்றார்.